கோபுரத்தைக் காட்டினால் போதுமா?

2022 செப்டம்பர் கடைசியில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது சத்தியமங்கலத்து டீக்கடை வரைக்கும் சோழர் பெருமைதான். படம் பார்த்தவரும் பேசினார், பார்க்காதவரும் பேசினார். "தமிழனோட கட்டடக்கலைய உலகத்துக்கே காட்டிட்டாங்கப்பா" என்பதுதான் பலர் வாயிலும். சரி, அப்படி எதைக் காட்டினார்கள் என்று நிதானமாக யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

அந்தப் படத்தின் பல காட்சிகள் எடுக்கப்பட்டது மத்தியப் பிரதேசத்தில். ஓர்ச்சா, குவாலியர், மகேஷ்வர். ஓர்ச்சா கோட்டை பந்தேலா ராஜபுத்திரர்கள் கட்டியது. மகேஷ்வரின் நர்மதைப் படித்துறைகள் அகல்யாபாய் ஹோல்கரின் பெயர் சொல்பவை. பத்தாம் நூற்றாண்டுத் தஞ்சைக்கும் இவற்றுக்கும் இடையே பல நூறு வருடம், ஆயிரம் மைல்!

"சோழர் அரண்மனை ஒன்றுகூட நிற்கவில்லையே, வேறு எங்கே போய் எடுப்பது?" என்பார்கள். நியாயமான கேள்வி. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளம்தான் மிச்சம். கதை நடக்கும் காலத்தில் தஞ்சைப் பெரிய கோவிலும் கிடையாது. அது முடிந்தது 1010-ல். தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள இடங்களில் படம் எடுக்க லைசென்ஸ் வாங்க வேண்டும், கெடுபிடி உண்டு. எல்லாம் ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் வானதி எந்த ஊர்? கொடும்பாளூர். அங்கே அதே பத்தாம் நூற்றாண்டின் மூவர் கோவில் இன்றைக்கும் நிற்கிறது. மூன்றில் ஒன்று போய் இரண்டு மிச்சம். புள்ளமங்கையில் முதலாம் பராந்தகன் காலத்துச் சிற்பங்கள் விரல் நகம் வரை செதுக்கியபடி இருக்கின்றன. வானதியை ரசித்தவர்களில் எத்தனை பேருக்கு மூவர் கோவில் தெரியும்? தெரியவைக்காத படத்தைக் கட்டடக்கலைக்குச் சாட்சி என்று கொண்டாடுவது யாரை ஏமாற்ற?

இது ஒரு படத்தின் குற்றம் அல்ல. 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். 2008-ல் 'தசாவதாரம்' பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிதம்பரத்தில் தொடங்கியது. நம் சினிமாவுக்குக் கோவில் என்றால் ராஜா, சண்டை, பிரம்மாண்டம். கேமரா கீழே இருந்து மேலே போகும், பின்னணி இசை அதிரும், அவ்வளவுதான்.

கேமரா சுவருக்குக் கொஞ்சம் கிட்டே போனால்தான் என்ன? பெரிய கோவிலின் சுவர் முழுக்க ஒரு பிரம்மாண்டமான கணக்குப் புத்தகம்! கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் அதில் இருக்கிறது. 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர், அவர்களுக்குக் கொடுத்த வீடு, ஆளுக்கு வருடம் 100 கலம் நெல் எல்லாம் இருக்கிறது. ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு, அதற்குத் தினம் ஒரு உழக்கு நெய். கோவில் பணத்தைக் கடன் வாங்கிய ஊர்ச்சபைகள் ஒரு காசுக்கு வருடத்துக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின. அதாவது பன்னிரண்டரை சதவீதம். இதைவிடச் சுவாரசியமான திரைக்கதை வேண்டுமா? ஆனால் ஜனங்களுக்குத் தெரிந்தது "கோபுர நிழல் தரையில் விழாது" என்ற கட்டுக்கதை. நிழல் நன்றாகவே விழுகிறது. ஒரு சாயங்காலம் அங்கே போய் நின்றால் தெரியும்.

கொங்கு நாட்டுப் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். கோபியைச் சுற்றி எத்தனை படம் எடுத்திருப்பார்கள்! வயல், வாய்க்கால், பண்ணை வீடு எல்லாம் வந்துவிட்டன. பேரூர் கனகசபையின் கல் சங்கிலி எத்தனை படத்தில் வந்தது? விஜயமங்கலத்தில் ஒரு சமணக் கோவில் இருப்பது பக்கத்து ஊர்க்காரருக்கே தெரியாது. சத்தியைத் தொட்டுப் போகும் பவானி, காவிரியில் கலக்கும் இடத்தில் சங்கமேஸ்வரர் கோவில். 1804-ல் கோயம்புத்தூர் கலெக்டர் வில்லியம் கேரோ அங்கே அம்மனுக்குத் தந்தக் கட்டில் கொடுத்தார். மழை இரவில் ஒரு சிறுமி வந்து அவரை வெளியே கூப்பிட்டதாகவும், அவர் வந்ததும் பங்களா இடிந்து விழுந்ததாகவும் ஊரில் கதை. முழுப் படத்துக்கே ஆகும்!

"சினிமா பொழுதுபோக்குப்பா, பாடம் நடத்தவா முடியும்?" சரி, நடத்த வேண்டாம். அப்படியானால் 'பாரம்பரியம்', 'பெருமை' என்று விளம்பரமும் செய்ய வேண்டாம். பெருமையை விற்றுக் காசு வாங்கினால் சரக்கு உண்மையாக இருக்க வேண்டும் அல்லவா?

இதில் பழி முழுக்க சினிமாவுக்கும் இல்லை. பளபளப்பும் உயரமும்தான் அழகு என்று பழகிய கண்தான் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுக்கிறது. பழைய கல் மண்டபத்துக்கு எனாமல் பெயின்ட், தரைக்கு டைல்ஸ். மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்ததில் எழுத்து மழுங்கிய சுவர்கள் தமிழ்நாட்டில் கொஞ்சமா? தியேட்டரில் சோழனுக்கு விசில் அடித்த அதே கைதான் கல்வெட்டின் மேல் வெள்ளையடிக்கப் பணம் எடுத்து நீட்டுகிறது. அந்தச் சுவரில் போன எழுத்தை எந்த கிராபிக்ஸும் திருப்பித் தராது.

எனவே நண்பர்களே, அடுத்த படம் பார்த்து உடம்பு சிலிர்த்தால் நல்லதுதான். அந்தச் சிலிர்ப்பு அடங்குவதற்குள் உங்கள் ஊர்ப் பழைய கோவிலின் பின்சுவரை ஒருமுறை போய்ப் பாருங்கள், பெயின்ட் வாளியோடு யாராவது வருவதற்குள்.