நாலு ஆபீஸ், நாலு அமைச்சகம், ஒரே ஒரு மழை

போன மாசம் தர்மபுரியிலிருந்து தங்கமணியோட தம்பி போன் பண்ணினான். "மாமா, ரெண்டாவது போர்லயும் காத்துதான் வருது. மூணாவது போடவா, இல்ல நிலத்தை வித்துட்டு உங்க மௌலா அலி பக்கமே ஒரு ஃப்ளாட் வாங்கிடவா? உங்க ஊர்லதான் விஞ்ஞானிங்க தடுக்கி விழுற அளவுக்கு இருக்காங்களாமே, கேட்டுச் சொல்லுங்க"ன்னான்.

அவன் சொன்னதுல தப்பே இல்லைங்க. நிலத்தடி நீரை ஆராயும் என்.ஜி.ஆர்.ஐ. எங்க வீட்டுக்குப் பக்கத்துல, ஹப்சிகுடாவுல. சாட்டிலைட் படத்துக்கு பாலாநகர்ல என்.ஆர்.எஸ்.சி. மானாவாரி விவசாயத்துக்கு சந்தோஷ்நகர்ல கிரிடா. கடலே இல்லாத ஊர்ல கடலைக் கவனிக்க பிரகதி நகர்ல இன்காய்ஸ்! சிட்டி பஸ்ஸிலேயே நாலையும் சுத்தி வந்துடலாம். ஆனா முதலாவது அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ், இரண்டாவது விண்வெளித் துறை, மூன்றாவது வேளாண் அமைச்சகம், நான்காவது புவி அறிவியல் அமைச்சகம். என் மச்சினனோட கேள்விக்கு இந்த நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் பதில் வரும். சேர்த்து உட்கார வைக்க வேண்டியது யாரு? அங்கேதான் இடிக்குது.

முயற்சியே நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். 2009 அக்டோபரில் ஜெய்ராம் ரமேஷ் சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்தப்போ ஐ.என்.சி.சி.ஏ.ன்னு ஒரு வலையமைப்பைத் தொடங்கினார். நூற்றுக்கும் அதிகமான நிறுவனங்கள், இருநூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள். 2010 நவம்பரில் '4x4 மதிப்பீடு' வெளிவந்தது. விவசாயம், தண்ணீர், காடு, உடல்நலம் என நான்கு துறைகள். இமயமலை, மேற்குத் தொடர்ச்சி மலை, கடற்கரை, வடகிழக்கு என நான்கு பகுதிகள். 2030கள் எப்படி இருக்கும்னு சொன்ன நல்ல வேலை அது.

அந்த நாலு பகுதியை இன்னொரு தடவை படிங்க. தக்காணப் பீடபூமி எங்கே? ஹைதராபாத், ராயலசீமா, மராத்வாடா, நம்ம தர்மபுரி எதுவும் அதுல இல்லை. சரி, முதல் தவணை, அடுத்ததுல சேர்ப்பாங்கன்னு பார்த்தா, அடுத்தது வரவே இல்லை. ஒரு அமைச்சரின் ஆர்வத்தில் பிறந்தது, அவர் துறை மாறினதும் சத்தமில்லாம படுத்துடுச்சு.

அதுக்கப்புறம் தனித்தனிக் கச்சேரிதான். 2019ல் கிரிடா விவசாயத்துக்கு மட்டும் மாவட்டவாரியா ஓர் ஆபத்துக் கணக்கு போட்டது. 2020ல் புவி அறிவியல் அமைச்சகம் வெப்பம், மழை, கடல் மட்டம் பற்றி அருமையான ஒரு அறிக்கை தந்தது. 1901லிருந்து 2018க்குள் நாட்டின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்குன்னு சொன்னது அதுதான். 2021ல் அறிவியல் தொழில்நுட்பத் துறை தன் பங்குக்கு வேறொரு மாவட்டப் பட்டியல் போட்டது. ஒவ்வொண்ணும் நல்ல வேலை. ஆனா எல்லாத்தையும் ஒரே தராசுல வச்சு "உன் மாவட்டத்துல இது நடக்கும், இதைச் செய்"னு சொல்றதுக்கு ஆள் இல்லை.

2020 அக்டோபர் 13 ஞாபகம் இருக்கா? எங்க ரயில் பாதையிலேயே இருக்கிற கட்கேசர் பக்கம் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 1908 செப்டம்பரில் மூசி ஆறு இதே ஊரைப் புரட்டிப் போட்டு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அப்போ சாட்டிலைட்டும் இல்லை, நாலு அமைச்சகமும் இல்லை. நிஜாம் அரசு விஸ்வேஸ்வரய்யாவைக் கூப்பிட்டது. அவர் மழைக்கணக்கைப் பார்த்து, மேல்பகுதியில் இரண்டு நீர்த்தேக்கம் கட்டச் சொன்னார். 1920ல் உஸ்மான் சாகர், 1927ல் ஹிமாயத் சாகர். கேட்க ஒருத்தர், பதில் சொல்ல ஒருத்தர், பதிலுக்குக் காசு ஒதுக்க ஒரு கஜானா. நூறு வருஷம் கழிச்சு நம்மகிட்ட விஞ்ஞானிகள் பெருகிட்டாங்க. கேட்கிற ஆள்தான் காணாமப் போயிட்டார்.

என் கோரிக்கை சிம்பிள். சட்டம் வேணும். நாலு வருஷத்துக்கு ஒருமுறை, எல்லாத் துறையும் சேர்ந்து, எல்லாப் பகுதிக்கும் ஒரு மதிப்பீடு. அதைப் பாராளுமன்றத்தில் வைக்கணும். மாநில மொழிகளில் தரணும். அமெரிக்காவில் 1990லேயே இப்படி ஒரு சட்டம் போட்டாங்க.

"அங்கேயே 2025 ஏப்ரல்ல அறிக்கை எழுதிக்கிட்டிருந்த ஏறத்தாழ 400 பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே, சட்டம் என்ன கிழிச்சுது?"ன்னு அமெரிக்காவில் இருக்கிற நண்பர்கள் கேட்பீங்க. நியாயம்தான். ஆனா சட்டம் இருந்ததால அது செய்தியாச்சு. சட்டத்தைக் காட்டிக் கேள்வி கேட்க முடிஞ்சுது. நம்மூர் வலையமைப்பு படுத்தப்போ உங்களுக்குத் தெரிஞ்சுதா? எனக்கும்தான் தெரியலை.

மச்சினனுக்கு என்ன பதில் சொன்னேன்னு கேக்கறீங்களா? "கொஞ்சம் பொறுடா"ன்னேன். "எத்தனை வருஷம் மாமா?"ன்னு திருப்பிக் கேட்டான். போனை தங்கமணிகிட்ட கொடுத்துட்டேன்.

உங்க வீட்லயும் ஊர்ல நிலம், இங்கே ஃப்ளாட்டுன்னு இதே குழப்பம் ஓடுதா? சொல்லுங்க. திட்டுறதா இருந்தாலும் பரவாயில்லை.