கோப்பிப் பொறிக்குள் ஒரு சிப்பி

வெற்றிலைத் தோட்டங்களுக்குப் பேர்போன களுதாவளையில், வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பு தடவிப் பழகிய பெரியவர்களுக்குச் சுண்ணாம்பைப் பற்றிப் பிறர் பாடஞ் சொல்லத் தேவையில்லை. ஆயினும், அதன் உறவுப் பொருளொன்று சமையலறைக் கோப்பிப் பொறிக்குள் குடியேறினால் என்ன நேரும் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

எமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த மகன் தாயாருக்குக் கொடுத்த மின்சாரக் கோப்பிப் பொறி ஒன்று இருந்தது. ஈராண்டு நன்றாக உழைத்த அது, பின்னர் பெருமூச்சு விடத் தொடங்கிற்று. ஊற்றிய நீரிற் பாதி உள்ளேயே தங்கிற்று. இறங்கிய கோப்பியோ வெதுவெதுப்பாக இருந்தது. ஒருநாள் முற்றாக நின்றுவிட்டது. திருத்த வந்தவர், எரிந்துபோயிருந்த வெப்ப உருகியை அகற்றி, அவ்விடத்தில் வெறுங் கம்பியை முறுக்கிவிட்டார். மூன்றாம் நாள் பொறியின் அடிப்பாகம் உருகிப் புகைந்தது. தாயார் அருகில் நின்றமையால் ஆளியை அணைத்தார். இல்லையேல் வீட்டின் கதி என்ன?

உருகி எரிந்தது அறிகுறி மாத்திரமே. நோய் வேறிடத்தில் இருந்தது.

களுதாவளை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான ஊர். சிப்பித் துகள் கலந்த மணலினூடாக ஊறும் நீர், காபனீரொட்சைட்டு வாயுவின் துணையோடு சிப்பியைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்ளும். அந்நீர் கொதிக்கும்போது வாயு பிரிந்தோட, கரைந்தது மீண்டும் கல்லாகப் படியும். கேத்தலின் அடியிற் காணும் வெள்ளைக் காறை இதுவே. சிப்பியும் காறையும் பெரும்பாலும் கல்சியங் காபனேற்று என்னும் ஒரே பொருளாகும். சிப்பியைச் சுட்டு நீற்றினாலோ வெற்றிலைச் சுண்ணாம்பு கிடைக்கும்.

மாணவர்கள் ஒரு கணக்குப் போடலாம். ஒரு லீற்றர் நீரிற் கால் கிராம் காறைப்பொருள் இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 2 லீற்றர் காய்ச்சும் வீட்டில், ஆண்டொன்றில் அது ஏறத்தாழ 182 கிராம். அதிற் பத்திலொரு பங்கு படிந்தாலும் 18 கிராம் கல், விரலினும் மெல்லிய குழாய்க்குள் ஒட்டிக்கொள்ளும். குழாய் ஒடுங்க, நீர் மேலேறத் தடுமாறும். காறை வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே வெப்பம் நீருக்குச் செல்லாமற் பொறியையே சுடும். அப்போது தன்னை எரித்துக்கொண்டு வீட்டைக் காப்பதே வெப்ப உருகியின் கடமை. காவலனை நீக்கிவிட்டுக் கம்பியை வைப்பது பேராபத்து.

மருந்து எளியது, அமிலமே அது. காறையின்மீது ஒரு துளி தேசிப்புளி விட்டால் நுரை பொங்கும். தேசிப்புளியின் வலிமை சித்திரிக்கமிலத்தில் உள்ளது. சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷீலே 1784ஆம் ஆண்டு அதனைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார்.

ஒரு லீற்றர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி சித்திரிக்கமிலத் தூளைக் கரைத்துப் பொறியில் ஊற்றுங்கள். கோப்பித்தூள் இடவேண்டாம். பாதி நீர் இறங்கியதும் ஆளியை அணைத்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, மீதியையும் இறக்குங்கள். பின்னர் நல்ல நீரை மும்முறை ஓடவிடுங்கள். தேசிப்புளியையே பயன்படுத்துவோர், சக்கை குழாயை அடைக்காவண்ணம் துணியில் வடித்துக்கொள்ள வேண்டும். அமிலத்தோடு வெளிற்றும் தூளையோ திரவத்தையோ ஒருபோதும் கலவாதீர்கள். நச்சு வாயு எழும். பொறியை நீரில் அமிழ்த்தலும் ஆகாது. தயாரித்தோர் தந்த குறிப்பேட்டில் வேறு முறை கூறியிருப்பின் அதனையே கைக்கொள்க. காறை நீங்கியும் பொறி சூடேறாவிடில், தகுதியுள்ள மின்திருத்துநரிடம் கொடுத்து, உரிய உருகியையே இடச்செய்யுங்கள்.

நாம் சொன்ன இல்லத்திற் கோப்பிப் பொறி இப்போது இல்லை. மகன் தந்த பொருளாயிற்றே என்று அத்தாயார் சில நாள் கலங்கினார். இப்போது தம் கேத்தலை மாதமொருமுறை தேசிப்புளி விட்டுத் தாமே கழுவுகிறார். நுரை பொங்குவதைப் பார்க்கப் பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். உங்கள் வீட்டுக் கேத்தலையும் இன்று ஒருமுறை மூடி திறந்து பாருங்கள்.