மூளையைக் காக்குமா விற்றமின் குளிசை?

மனித உடலின் நிறையில் ஏறத்தாழ ஐம்பதிலொரு பங்கே மூளைக்குரியது. ஆயினும் உடல் ஓய்ந்திருக்கும் வேளையிற் பயன்படும் ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கை அவ்வுறுப்பே பெற்றுக்கொள்கின்றது. அங்கு செல்லும் குருதி சில நிமிடங்கள் தடைப்படினும் நரம்புக்கலங்கள் மடியத் தொடங்கும். பாரிசவாதத்தை மக்கள் பெரிதும் அஞ்சுவதன் காரணம் இதுவே. அச்சமுள்ள இடத்தில் வணிகமும் தோன்றும். மூளைக்குக் கவசமென விற்றமின் ஈ, விற்றமின் சீ, பீற்றா கரோட்டின் ஆகியவற்றைக் குளிசைகளாக்கி விற்கும் வணிகம் இத்தகையதே.

இவ்வணிகத்துக்குத் துணைநிற்போர் விஞ்ஞானத்தையே சான்றாகக் காட்டுவர். குருதி குன்றிய கலங்களில், சிறப்பாகக் குருதி மீளப் பாயும்போது, சுயாதீன மூலிகங்கள் பெருகுகின்றன. அவை கலமென்சவ்வின் கொழுப்பமிலங்களைச் சிதைக்கின்றன. விற்றமின் ஈ அம்மூலிகங்களை அடக்கவல்லது. ஆகவே அதனை நாள்தோறும் உட்கொள்வோரின் மூளை காக்கப்படும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தின் முற்பகுதி உண்மை. ‘ஆகவே’ என்ற சொல்லுக்குப் பின் வருவதே பிழை. சோதனைக்குழாயில் நிகழ்வது மனித உடலிலும் நிகழும் என்பது கருதுகோளேயன்றி முடிபன்று.

அக்கருதுகோள் முறையாகச் சோதிக்கப்பட்டுள்ளது. பிரித்தானியாவில் இதயநோய், நாடிநோய், நீரிழிவு ஆகியவற்றால் ஆபத்து மிகுந்த 20,536 பேரை எழுமாற்றாகப் பிரித்து, ஒரு சாராருக்கு மேற்கூறிய மூன்று விற்றமின்களும் மறுசாராருக்குப் போலிக் குளிசையும் ஐந்தாண்டுகள் வழங்கப்பட்டன. 2002 இல் முடிபு வெளிவந்தது. உட்கொண்டோரின் குருதியில் விற்றமின்களின் அளவு உயர்ந்தது. பாரிசவாதமோ மாரடைப்போ மரணமோ குறையவில்லை. அதே ஆய்வில் கொலஸ்திரோலைக் குறைக்கும் சிம்வஸ்ரற்றின் என்ற மருந்து பாரிசவாதத்தை ஏறத்தாழ நாலிலொரு பங்காற் குறைத்தது. எனவே ஆய்வின் முறையைக் குறைகூறித் தப்புதல் இயலாது.

பயனில்லாவிடினும் தீங்கில்லையே என்பர் சிலர். அதுவும் பொருந்தாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடாத்தப்பெற்று 1994 இல் வெளியான ஆய்வில், பீற்றா கரோட்டின் உட்கொண்டோரிடையே நுரையீரற் புற்றுநோய் 18 வீதம் மிகுந்தது. விற்றமின் ஈ பற்றிய ஒன்பது ஆய்வுகளை ஒருங்குசேர்த்து 2010 இல் ஆராய்ந்தபோது, நாடி அடைபடுவதால் வரும் பாரிசவாதம் 10 வீதம் குறைந்தமையும், மூளையுட் குருதி கசிவதால் வரும் பாரிசவாதம் 22 வீதம் கூடியமையும் தெரியவந்தன. மொத்தத் தொகை மாறவில்லை. கசிவினால் வருவதே பெரும்பாலும் கொடியது என்பது மனங்கொளத்தக்கது.

நோய் வந்தபின் வழங்கும் மருந்தும் இதே பாடத்தையே புகட்டுகின்றது. சுயாதீன மூலிகங்களைப் பிடிக்கவென ஆக்கப்பட்ட ஒரு மருந்து விலங்குகளிற் பயன்தந்தது. 2006 இல் வெளிவந்த முதலாவது பேராய்வும் நம்பிக்கையளித்தது. 2007 இல் வெளிவந்த அதனினும் பெரிய ஆய்வோ அந்நம்பிக்கையைத் தகர்த்தது.

காய்கனிகளை மிகுதியாக உண்போரிடையே பாரிசவாதம் குறைவு என்பது உண்மையே. ஆனால் அவர்கள் பெரும்பாலும் புகைபிடித்தலையும் மிகை உப்பையும் தவிர்ப்போராகவும் உள்ளனர். கனியில் விற்றமினோடு நாரும் பொட்டாசியமும் உள. அவ்வனைத்தின் பயனையும் ஒரு குளிசையின் கணக்கில் எழுதுதல் நேர்மையன்று. விற்றமின் குறைபாடு உடையோர்க்கு விற்றமின் மருந்தே என்பதை எவரும் மறுக்கவில்லை. குறைபாடற்றோர்க்கு அதனை மூளையின் காவலாக விற்பதே மறுக்கப்படுவது.

மூளையைக் காக்கும் வழிகள் முன்னரே அறியப்பட்டவை: உயர் குருதியமுக்கத்தைக் கட்டுப்படுத்தல், புகைபிடித்தலை ஒழித்தல், உப்பைக் குறைத்தல், நீரிழிவைக் கவனித்தல். முகம் கோணினும், கை தளரினும், பேச்சுக் குழறினும் உடனே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்; குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணித்தியாலத்துள் வழங்கப்படவேண்டியது. விற்றமினை நம்பிக் குருதியமுக்கக் குளிசையைக் கைவிடும் ஒருவன் இழப்பது பணத்தை மட்டுமன்று. விஞ்ஞானம் கற்றோர் இதனை அறிந்தும் வாளாவிருப்பின், அவ்வணிகத்துக்கு அவர்களும் உடந்தையாவர்.