மூச்சைக் கெடுத்தவன் யார்? பழி சுமப்பவன் யார்?

எர்ணாவூர் சுனாமி குடியிருப்பிலே ஒரு முதிய தோழர். இருபது வருஷம் பஞ்சாலைத் தூசியைத் தின்றவர். ஆலை மூடப்பட்டது, நெஞ்சிலே தங்கிய தூசி மட்டும் போகவில்லை. இன்று இரவில் ‘பைபாப்’ மிஷின் இல்லாமல் அவரால் உறங்க முடியாது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் அந்தச் சிறு பெட்டிதான் அவருக்கு உயிர்.

அந்தப் பெட்டி சில இரவுகளில் திடீரென்று அலறுகிறது; நின்று விடுகிறது; பிறகு தானே ஓடுகிறது. அடுத்த பட்டறையில் வெல்டிங் நடக்கும் நேரத்தில்தான் இது நேர்கிறது என்பதை அவருடைய மருமகள் கவனித்துச் சொன்னார். பெட்டியை விற்ற கடையிலே நாம் போய்க் கேட்டோம். “பக்கத்திலே செல்போன் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு உபயோகிக்கத் தெரியவில்லை” என்று பதில் வந்தது. தீர்ந்தது விசாரணை! குற்றவாளி நோயாளியே!

இந்தத் தீர்ப்பை நாம் ஏற்க மாட்டோம். ஏன் என்று சொல்கிறோம்.

சங்கதி என்ன?

பழைய ரேடியோவுக்குப் பக்கத்தில் மோட்டார் ஓடினால் பாட்டு கரகரவென்று கெடும். இதை அறியாத ஆலைத் தொழிலாளி உண்டா? மூச்சுக் கருவிக்கும் அதே கதிதான். நோயாளி எப்போது மூச்சை இழுக்கிறார் என்பதைக் கருவி மிக நுண்ணிய மின்சாரக் குறியாக அளக்கிறது. வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் அந்தக் குறியிலே கலந்தால் கருவி ஏமாந்து போகும். இரைச்சலையே மூச்சு என்று எண்ணும். நோயாளி மூச்சை விடும் நேரத்தில் காற்றைத் தள்ளும். அல்லது அலற வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிடும். இரைச்சல் காற்று வழியாகவும் வரும். மின்கம்பி வழியாகவும் வரும்.

இது கற்பனையல்ல. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே, குழந்தைகளின் மூச்சைக் கண்காணிக்கும் கருவிகள் சோதிக்கப்பட்டன. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எப்.எம். ரேடியோ நிலையத்தின் அலையே சில கருவிகளை ஏமாற்றப் போதுமானதாக இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2008-ல் வெளியாயிற்று. சாமான்களை அடையாளம் காட்டும் ரேடியோ சில்லுகளை ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கு அருகே வைத்து 123 சோதனைகள் செய்தார்கள். 34 முறை இடைஞ்சல் நேர்ந்தது. அதில் 22 ஆபத்தானவை.

பரிகாரம் தெரிந்ததே!

பெட்டிக்குள்ளே உலோகக் கவசம், கம்பியிலே வடிகட்டி, பெரைட் வளையம் - இவை போதும். சர்வதேச விதி இருக்கிறது, ஐ.இ.சி. 60601-1-2 என்பது அதன் எண். அந்த விதியின் 2014-ம் வருஷப் பதிப்பு என்ன சொல்கிறது? ஆஸ்பத்திரியில் மட்டும் ஓடும் கருவி மீட்டருக்கு 3 வோல்ட் ரேடியோ அலையைத் தாங்கினால் போதும். வீட்டிலே ஓடும் கருவியோ 10 வோல்ட்டைத் தாங்க வேண்டும்! வீட்டிலே இரைச்சல் அதிகம், கவனிக்க இஞ்சினீயர் இல்லை என்பதை விதி எழுதியவர்களே ஒப்புக்கொண்டு, பாரத்தைக் கருவி செய்பவன் தலையில் வைத்திருக்கிறார்கள். அதைத் தூக்கி எர்ணாவூர்க் கிழவரின் தலையில் வைக்க இவர்கள் யார்?

செல்போனை மூச்சுக் கருவியிலிருந்து ஒரு அடி தள்ளி வைக்க வேண்டும் என்பது உண்மைதான். அது நம் கடமை, செய்வோம். கெட்டுப்போன அடாப்டருக்குப் பதில் கண்ட அடாப்டரை மாட்டக் கூடாது; அதையும் செய்வோம். ஆனால் மின்கம்பி வழியே வரும் இரைச்சலுக்கு நோயாளி என்ன செய்வார்? கம்பியைக் கையால் பிடித்து நிறுத்துவாரா?

கிராமத்துத் தோழர்களே! இது பட்டணத்துக் கதை மட்டுமல்ல. பம்ப்செட் மோட்டார் கிளம்பும்போது குடிசை விளக்கு மங்குவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அந்தக் குடிசையிலும் நாளை மூச்சுக் கருவி வரும்.

பழியை மாற்றும் வித்தை

உபயோகித்தவன் மேல் பழி போடுவது கடைக்காரர் கண்டுபிடித்த வித்தை அல்ல. 2021 மே மாதம், மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அரசு மருத்துவமனைக்கு வந்த 150 வெண்டிலேட்டர்களில் 113 சரியில்லை என்று உயர் நீதிமன்றக் கிளையின் முன் தெரிவிக்கப்பட்டது. அங்கே கோளாறு வேறு. ஆனால் பதில் இதே பதில்! மருத்துவமனைக்கு ஓட்டத் தெரியவில்லை என்றது மத்திய சர்க்கார். பழி போடும் விளையாட்டு வேண்டாம் என்று நீதிமன்றமே கண்டித்தது. பெரிய டாக்டர்களுக்கே இந்தக் கதி என்றால் கூலித் தொழிலாளிக்கு?

இன்னொரு கூட்டமும் உண்டு. “டவரால்தான் எல்லா நோயும்” என்று பயங்காட்டி, ‘கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர்’ விற்கும் கூட்டம். ஒட்டுத்தாள் எந்தக் கருவியையும் காக்காது. அது ஏழையின் பையைக் காலி செய்வதோடு, கேட்க வேண்டியவனைக் கேட்காமல் நம்மைத் திசை திருப்புகிறது.

வடசென்னைக்கு உரிமை இல்லையா?

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓடினார்கள். பல வருஷம் சாம்பலைக் கக்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் பெரிய நிலையங்கள் எரிகின்றன. நாட்டுக்கு மின்சாரம் நம் தலைக்கு மேலே போகிறது. நம் வீட்டு விளக்கோ மினுக்குகிறது! நெஞ்சைக் கெடுத்த இடத்திலே, நெஞ்சைக் காக்கும் பெட்டிக்கு ஒழுங்கான மின்சாரம் கேட்பது பிச்சையா?

2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. பிறகு படிப்படியாக லைசென்சும் கட்டாயமாயிற்று. சட்டம் ஏட்டிலே உறங்கக் கூடாது. நாம் கோருவது இவைதான்:

வீட்டு உபயோகத்துக்கு விற்கும், வாடகைக்கு விடும் ஒவ்வொரு மூச்சுக் கருவியோடும், வீட்டுச் சூழலுக்கான சோதனையில் தேறிய சான்றையும் தமிழில் விளக்கத்தையும் கொடு!

மூச்சுக் கருவி உள்ள வீடுகளை மின்வாரியம் பதிவு செய்து, சீரான வோல்டேஜும் சரியான எர்த்தும் கொடு! மின்தடையை முன்கூட்டியே அறிவி!

வெல்டிங் பட்டறைகளுக்குத் தனி லைன் கொடு! அங்கே வேலை செய்பவனும் நம் தோழனே; அவன் பிழைப்பிலே கை வைக்காதே!

காற்றைக் கெடுக்கும் ஆலைகள், மூச்சு கெட்டவர்களின் கருவிச் செலவை ஏற்கட்டும்!

தோழர்களே! உங்கள் தெருவில் யார் வீட்டில் மூச்சுக் கருவி ஓடுகிறது என்று கணக்கெடுங்கள். எந்த நாள், எந்த மணிக்கு நின்றது, அப்போது அருகில் என்ன ஓடியது என்று நோட்டிலே குறித்து வையுங்கள். அந்த நோட்டோடு மின்வாரிய அலுவலகத்துக்கு ஒன்றாகப் போவோம். தனியாகப் போனால் “உனக்குத் தெரியாது” என்பான். தெருவே திரண்டு போனால் அவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்!