புகார் கொடுத்தவரைக் காக்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமை வழக்கில், 2025 ஜூன் 2 அன்று மகளிர் நீதிமன்றம் தண்டனையை அறிவித்தது. குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை. 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு கிடையாது. இது அந்த மாணவியின் துணிவுக்குக் கிடைத்த நீதி.

ஆனால் அவரது விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை கசிந்ததை மறக்க முடியாது. இதற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலும் அந்த நகல் வந்தது. இரண்டு பெண்கள் கண்டித்த பிறகே அழித்தார்கள். பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்பது பலருக்குத் தெரியவில்லை.

அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். லிஃப்ட் அருகே தண்ணீர் வரும் நேரம் ஒட்டும் பலகையில் இவற்றையும் ஒட்டுங்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவருக்குத் தனியார் மருத்துவமனையும் இலவசமாக, உடனே சிகிச்சை தர வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். துணைக்குப் போக நாலு பேர் இருந்தால் புகார் கொடுக்கும் தைரியம் தானாக வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அடையாறு, சென்னை-20