பிடி கழன்றால் என்ன ஆகும்?

முன்னால் ஒரு கார் போகிறது. அதன் பின்னால் ஒரு வீடு போகிறது!

பிரிட்டனில் கோடைக்காலம் வந்தால் இது தினமும் காணும் காட்சி. அந்த வீட்டுக்குக் 'காரவன்' என்று பெயர். உள்ளே படுக்கை உண்டு. அடுப்பு உண்டு. சாப்பாட்டு மேஜை உண்டு. விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு கிளம்பிக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். ஓட்டல் செலவு மிச்சம். காரவன் இல்லாதவர்கள் பலர் டிரெய்லர் வைத்திருக்கிறார்கள். படகு ஏற்ற ஒன்று. குதிரை ஏற்ற ஒன்று. மண்ணும் செங்கல்லும் ஏற்ற ஒன்று.

காரவனுக்கு எஞ்சின் கிடையாது. ஸ்டீரிங் கிடையாது. கார் இழுத்த இழுப்புக்குப் போக வேண்டியதுதான். இரண்டையும் சேர்ப்பது எது? காரின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புக் குண்டு. அதன் குறுக்களவு 50 மில்லிமீட்டர். ஓர் எலுமிச்சம்பழம் அளவுதான்! காரவனின் மூக்கில் கிண்ணம் போல ஒரு பிடி இருக்கிறது. அதைக் குண்டின் மேல் கவிழ்த்தால், 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். ஒன்றரை டன் எடையும் அந்த எலுமிச்சம்பழத்தை நம்பித்தான் சாலையில் வருகிறது.

பூட்டு சரியாக விழவில்லை என்றால்? பிடி தேய்ந்து போயிருந்தால்?

2014-ல் பிரிஸ்டல் நகரில் அப்படித்தான் ஒரு டிரெய்லர் கழன்றது. வண்டி முன்னே போய்விட்டது. டிரெய்லர் தன் போக்கில் நடைபாதையில் ஏறியது. அங்கே தாயோடு நடந்து வந்த மூன்று வயதுக் குழந்தை மீது மோதியது. குழந்தை இறந்துவிட்டது.

நாடே கலங்கியது. அந்தத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் கரின் ஸ்மித் சபையில் இதைப் பற்றிப் பேசினார். 2018-ல் டிரெய்லர்களைப் பதிவு செய்யும் சட்டம் ஒன்று வந்தது. டிரெய்லர் விபத்துகளைப் பற்றிச் சர்க்கார் ஓர் அறிக்கை தர வேண்டும் என்ற விதியும் அதில் சேர்ந்தது. கட்டுப்பாடு இனி இறுகும் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

நடந்தது வேறு!

பிரிட்டனில் 1997 முதல் ஒரு விதி இருந்தது. அந்த ஆண்டிலிருந்து கார் லைசென்ஸ் வாங்கியவர்கள், கனமான டிரெய்லரை இழுக்க வேண்டுமானால் இன்னொரு பரீட்சையும் தேற வேண்டும். டிரெய்லரோடு பின்னால் வர வேண்டும். அதைக் கழற்ற வேண்டும். மறுபடி மாட்டிக் காட்ட வேண்டும். பரீட்சை அதிகாரி பக்கத்திலிருந்து பார்ப்பார்.

2021 டிசம்பர் 16-ந் தேதி அந்தப் பரீட்சையை எடுத்துவிட்டார்கள். இப்போது சாதாரணக் கார் லைசென்ஸ் இருந்தால் போதும். மூன்றரை டன் வரை இழுக்கலாம்.

ஏன் எடுத்தார்கள்? லாரி டிரைவர் பஞ்சம்தான் காரணம். கொரோனா காலத்தில் லாரிப் பரீட்சைகள் நின்றுபோயின. ஐரோப்பிய டிரைவர்கள் பலர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். 2021 செப்டம்பரில் பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசை பிடித்து நின்றன. டிரெய்லர் பரீட்சை நடத்தும் அதிகாரிகளை லாரிப் பரீட்சைக்கு அனுப்பினால் பஞ்சம் தீரும் என்று சர்க்கார் கணக்குப் போட்டது.

கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. 1997-க்கு முன்னால் லைசென்ஸ் வாங்கியவர்கள் இந்தப் பரீட்சை இல்லாமலேதான் இழுத்து வந்தார்கள். அவர்கள் எல்லாரும் விபத்து செய்தார்களா? இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மனிதன் டிரெய்லரைச் சரியாக மாட்டுகிறானா என்று அரசாங்கம் கண்ணால் பார்த்த சந்தர்ப்பம் இந்தப் பரீட்சை. கார் மூன்று வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் சோதனை உண்டு. அது இழுக்கும் காரவனுக்கு அந்தச் சோதனையும் கிடையாது. லாரிக்கு டிரைவர் தேட, இருந்த காவலையும் எடுத்தது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

மிச்சம் இருக்கும் காவல் ஒரு சங்கிலி. அல்லது ஒரு கம்பி.

750 கிலோவுக்கு உட்பட்ட சின்ன டிரெய்லருக்குப் பிரேக் இல்லாமல் இருக்கலாம். அதற்குச் சங்கிலி கட்டாயம். பிடி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்க வேண்டும். குத்தினால் டிரெய்லர் குப்புறக் கவிழும்.

பெரிய காரவன் விஷயம் வேறு. ஒன்றரை டன்னைச் சங்கிலியில் தொங்கவிட்டால் அது காரையும் சேர்த்து அலைக்கழிக்கும். அதனால் அங்கே ஒரு மெல்லிய கம்பிக் கயிறு வைத்திருக்கிறார்கள். ஒரு நுனி காரில். மறு நுனி காரவனின் கைப்பிரேக்கில். பிடி கழன்றதும் கார் முன்னே ஓடும், கம்பி விறைக்கும், கைப்பிரேக்கைச் சுண்டி இழுக்கும். பிரேக் விழுந்ததும் கம்பி பட்டென்று அறுந்துவிடும். கார் ஒரு பக்கம். பிரேக் பிடித்த காரவன் ஒரு பக்கம். அறுவதுதான் அதன் வேலை! 'கம்பி மெல்லிசாக இருக்கிறதே' என்று யாராவது தடித்த கம்பி போட்டால், காரியம் கெட்டது.

ஆஸ்திரேலியாக்காரர்கள் சங்கிலியையும் விடவில்லை, பிரேக்கையும் விடவில்லை. இரண்டரை டன் வரை ஒரு சங்கிலியாவது வேண்டும். அதற்கு மேல் மூன்றரை டன் வரை இரண்டு. இரண்டு டன்னுக்கு மேல் போனால், கழன்றவுடன் தானாக விழும் பிரேக்கும் வேண்டும். அது 15 நிமிஷமாவது பிடித்து நிற்க வேண்டும். மேட்டில் கழன்றாலும் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்க அவகாசம் கிடைக்கும் அல்லவா? அமெரிக்காவில் இரண்டு சங்கிலிகளையும் மூக்கின் அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டச் சொல்கிறார்கள். மூக்கு கீழே விழுந்தால் தூளியில் விழுந்த மாதிரி தங்கும்.

மாட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. கம்பியைச் சும்மா இரும்புக் குண்டின் மேல் வளையமாகப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குண்டே பெயர்ந்து வந்தால், கம்பியும் அதோடு வந்துவிடும். பிரேக்கை யார் இழுப்பது? காரின் அடியில் இதற்கென்றே உள்ள வளையத்தில்தான் மாட்ட வேண்டும். கம்பி நீளமாகத் தொங்கினால் தாரில் உரசித் தேயும். இறுக்கமாக இருந்தால் வளைவில் திரும்பும்போதே பிரேக் விழும்.

பிடியை மாட்டியதும் கிளம்பிவிடக் கூடாது. காரவனின் மூக்கடியில் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அதன் கைப்பிடியைச் சுற்றினால் மூக்கு மேலே எழும். காரின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு விழுந்துவிட்டது. பிடி மட்டும் தனியே எழுந்து வந்தால் விழவில்லை. மறுபடி மாட்ட வேண்டும். இதற்கு ஒரு நிமிஷம் ஆகலாம். பரீட்சை நாளில் அதிகாரி காத்திருந்தார். விடுமுறை நாளில், பின் சீட்டில் குழந்தைகள் 'போகலாம் அப்பா, போகலாம்' என்று அவசரப்படுத்துகிறார்கள்.