ஊர் ருசி: சிதம்பரம் கொத்சும் கிள்ளை இறாலும்

சிதம்பரம் போகிறவர்கள் நடராஜரைக் கும்பிட்ட கையோடு கேட்பது, ‘கொத்சு எங்கே நல்லா இருக்கும்?’ என்றுதான். ஹோட்டல்களில் இட்லி, பொங்கலுக்கு ஊற்றுவது பெரும்பாலும் பாசிப்பருப்பும் வெங்காயமும் சேர்ந்த, சாம்பார் ஜாடையுள்ள கொத்சு. அதுவும் ருசிதான். ஆனால், ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கும் கொத்சு வேறு. நடராஜருக்கு நைவேத்தியமாகும் சம்பா சாதத்துக்கு ஜோடி அது.

சம்பா சாதம் என்பது மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு, நெய் விட்டுக் கிளறிய சாதம். கொத்சுக்குப் பிஞ்சுக் கத்திரிக்காயை நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட வேண்டும். தனியா, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாயை வறுத்து, கொரகொரப்பாகப் பொடித்துச் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை சுண்டவிட்டால் முடிந்தது. வெங்காயம், பூண்டு கிடையாது. எண்ணெயில் கஞ்சத்தனம் காட்டினால் கொத்சு வராது, புளிக்குழம்புதான் வரும்.

கடற்கரைப் பக்கம் திரும்பினால் கதையே மாறிவிடும். கடலூர் முதுநகரில் கருவாடு, சுறாப்புட்டு. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவார நண்டு. இந்தக் கரைக்கு அயல்நாட்டுச் சரக்கும் புதிதல்ல. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். ரோமானியர் காலத்தில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இரட்டைக் கைப்பிடி ஜாடிகள் அங்கே கிடைத்திருக்கின்றன. அவற்றில் வந்தவை திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், கூடவே மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த ‘காரம்’ என்ற சாறு. கருவாட்டுக் கரைக்கே மீன் சாறு இறக்குமதி!

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளையை அடுத்த பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகுகள் போகும் கால்வாய்களில்தான் இருளர் மக்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கி இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிப் பிடிக்கும் வேலை. சுரபுன்னை வேர்களுக்கு நடுவேதான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன. காடு போனால் இறாலும் போய்விடும், பிழைப்பும் போய்விடும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையில் நடந்த ஆய்வு ஒன்று 2005-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்றது அது.

அந்தப் பக்கம் போனால், ஆத்து இறாலா, பண்ணை இறாலா என்று கேட்டு வாங்குங்கள். ஆத்து இறாலுக்கு மசாலா அதிகம் வேண்டாம். சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை போட்டுப் புரட்டி, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம்.